களவுபோன தெய்வங்களும் துப்பறிந்தவர்களும்

(இலங்கை மலையகத்தின் றொசல்லயில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியமோ சைவ சித்தாந்தமோதான் வழக்கம். இவர் துப்பறியும் கதை பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நம் லயங்களில் அட்டை கிழிந்து, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லாமல், கைமாறிக் கைமாறிப் படிக்கப்பட்ட புத்தகங்கள் எவை என்று யோசித்துப் பாருங்கள். தமிழ்வாணனின் சங்கர்லாலை அறியாத வாசகர் அன்று உண்டா? காலைத் தூக்கி மேசைமேல் போட்டுத் தேநீர் குடித்தால்தான் அவருக்கு மூளை ஓடும். அந்தத் தேயிலை எந்தத் தோட்டத்துக் கொழுந்து என்று, நான் படித்த கதைகளில், அவர் துப்பறிந்ததே இல்லை. அது நம்முடைய மனக்குறையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

விலைமதிக்க முடியாத ஒரு பழம்பொருள் காணாமற் போகும், கெட்டிக்காரர் ஒருவர் அதைத் தேடிப் போவார் என்ற கதைக்கு வயது அதிகம். ஆங்கிலத்தில் முழுநீளத் துப்பறியும் நாவலுக்கு முன்னோடி என்று பலரும் சொல்வது வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய 'மூன்ஸ்டோன்'. அதில் காணாமற் போகும் வைரம் யாருடையது? ஓர் இந்துத் தெய்வச் சிலையின் நெற்றியில் இருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஓர் ஆங்கிலேய அதிகாரி அதைத் திருடிக்கொண்டு போகிறார். ஆக, துப்பறியும் நாவல் என்ற இலக்கிய வகையே கோயில் களவொன்றில் கால் வைத்துத்தான் தொடங்குகிறது. அந்தக் கதையில் துப்புத் துலக்க வருகிறவர் ஸ்கொட்லாந்து யார்ட் பொலிஸ்காரர். 114 வருடம் கழித்து அதே ஸ்கொட்லாந்து யார்ட் நிஜமாகவே ஒரு நடராசரை லண்டனில் கைப்பற்றியது. இனி நான் சொல்லப்போகும் எதுவும் கற்பனை அல்ல.

தஞ்சைப் பக்கத்தில் பத்தூர் என்று ஓர் ஊர். 1976இல் அங்கே இடிந்து கிடந்த விசுவநாதசுவாமி கோயிலுக்கு அருகில் கூலித் தொழிலாளி ஒருவர் மண் தோண்டினார். உலோகத்தில் ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தால் நடராசர். படையெடுப்புக் காலங்களில் தெய்வத் திருமேனிகளை மண்ணில் புதைத்துக் காப்பாற்றுவது அன்றைய வழக்கம். புதைத்தவர்கள் திரும்பி வராவிட்டால் அவை மண்ணிலேயே கிடந்துவிடும். கண்டெடுத்தவர் சிலையைச் சொற்பத் தொகைக்கு விற்றார். அது கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. 1982இல் கனடாவைச் சேர்ந்த பம்பர் டெவலப்மென்ட் என்ற எண்ணெய்க் கம்பனி அதை 250,000 பவுண் கொடுத்து வாங்கியது. துப்புரவு செய்வதற்காகப் பிரித்தானிய நூதனசாலையில் கொடுத்திருந்தபோது பொலிஸ் வந்து எடுத்துக்கொண்டது.

வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கம்பனிக்கு எதிராக யார் யார் நின்றார்கள் தெரியுமா? இந்திய அரசு, தமிழ்நாடு அரசு, இடிந்துபோன அந்தக் கோயில், கோயிலில் இருந்த சிவலிங்கம். ஆம், பத்தூர்ச் சிவலிங்கம் லண்டனில் வழக்காளி. பூசை நின்று, கூரை விழுந்து, நூற்றாண்டுக் கணக்காகக் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு கோயிலுக்கு வழக்குப் போடும் உரிமை உண்டா என்று கறுப்பு அங்கி போட்ட வெள்ளைக்காரர்கள் நாட்கணக்கில் வாதாடினார்கள். உண்டு என்றே தீர்ப்பாயிற்று. 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கோயில் பக்கமே நின்றது. அதே ஆண்டில் நடராசர் ஊர் திரும்பினார்.

சட்டத்தை விட எனக்குச் சுவையாகப் படுவது சாட்சியம்தான். கம்பனி கேட்ட கேள்வி எளிது: இந்தச் சிலை பத்தூரில் கிடைத்ததுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? மண்ணுக்குள் கிடந்த சிலைக்குப் போட்டோ எங்கே இருக்கும்? நடராசர் கிடைத்த பிறகு பத்தூரில் அதே இடத்தில் வேறு செப்புத் திருமேனிகளும் கிடைத்திருந்தன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சிக் கூண்டில் ஏறி, அவற்றின் வார்ப்பையும் நடராசரின் வார்ப்பையும் ஒப்பிட்டுக் காட்டினார். உலோகத்தை ஆராய்ந்தார்கள். ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தார்கள். சிலைமேல் கரையான் ஏறிய தடத்தைக்கூட விடவில்லை. பூச்சியியல் அறிந்தவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். சங்கர்லால் கதையில் கரையான் துப்புக் கொடுத்தது என்று எழுதியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

இன்னொரு வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசரைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது அதேபோல் வார்த்த போலி. அசல் பம்பாய்க்குப் போய்விட்டது. ஊரார் போலிக்குத் தீபாராதனை காட்டி வந்தார்கள். 1965இல் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் சோழர் செப்புச் சிலைகள் பற்றிய தம் நூலில், கோயிலில் இருப்பது அசல் அல்ல என்று எழுதிய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. 1973இல் அமெரிக்கச் செல்வர் நோர்ட்டன் சைமன் அசலை 900,000 டொலருக்கு வாங்கினார். வழக்கு, சமரசம், பத்து வருடக் காட்சி எல்லாம் முடிந்து 1986இல் அது இந்தியாவுக்கு வந்தது. பாரெட் கள்ளனைப் பிடிக்கப் புறப்பட்டவர் அல்ல. சிலையைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவர், அவ்வளவுதான்.

இப்போது பெரிய வழக்குக்கு வருகிறேன். அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் என்ற கிராமம், பிருகதீசுவரர் கோயில். பூசை நின்று பூட்டிக் கிடந்த கோயில். 2006இல் கள்ளர் உள்ளே புகுந்து திருமேனிகளைக் கொண்டு போனார்கள். ஊரில் யாருக்கும் தெரியாது. 2008இல் பாதுகாப்புக்காக வேறிடத்துக்கு மாற்றலாம் என்று அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அந்த 2008ஆம் ஆண்டிலேயே ஸ்ரீபுரந்தான் நடராசர் அவுஸ்திரேலியாவில் இருந்தார். கன்பராவிலுள்ள தேசியக் கலைக்கூடம் 50 இலட்சம் அமெரிக்க டொலர் கொடுத்து வாங்கியிருந்தது. விற்றவர் நியூயோர்க்கில் பழம்பொருட் கடை நடத்திய சுபாஷ் கபூர். கூடவே பத்திரமும் கொடுத்தார்: சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவரின் மனைவியிடமிருந்து வந்த சிலை, பல வருடங்களுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியது என்று. எல்லாம் போலிப் பத்திரம். பெரிய கலைக்கூடம், பெரிய தொகை, படித்த நிபுணர்கள். ஆனாலும் அந்தத் தாளை நம்பினார்கள். நம்ப விரும்பினார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

இந்த வழக்கில் பொலிஸ் இருந்தது, அமெரிக்கப் புலனாய்வாளர் இருந்தார்கள், பத்திரிகையாளர்கள் இருந்தார்கள். தனியார் துப்பறிவாளர் என்று சொல்லத் தகுந்தவரும் ஒருவர் இருந்தார். சிங்கப்பூரில் கப்பல் கம்பனியொன்றில் வேலை பார்த்த தமிழர், எஸ். விஜயகுமார். துப்பாக்கியும் இல்லை, தொப்பியும் இல்லை. கோயிற் சிற்பங்களின் மேல் ஆசை கொண்டு, வேலை நேரம் போக மீதி நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தவர். அவரும் நண்பர்களும் செய்த வேலையை ஒரே வரியில் சொல்லலாம்: வெளிநாட்டுக் கலைக்கூடங்களின் விற்பனைப் படங்களையும் பட்டியல்களையும் ஒரு பக்கத்திலும், கோயில்களின் பழைய போட்டோக்களை மறுபக்கத்திலும் வைத்து ஒப்பிடுவது. 2018இல் 'தி ஐடல் தீஃப்' என்ற ஆங்கில நூலில் அதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். இன்னொரு பொருத்தமும் உண்டு. களவு போன சிலைகள் சென்னையிலிருந்து புதுக் கைவினைப் பொருள் என்ற பெயரில் கப்பலேறின. கப்பல் சரக்கில் நடந்த மோசடியைக் கப்பல் சரக்குத் தெரிந்தவரே துருவினார்.

ஒப்பிடுவது எப்படி என்று கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். சோழர் செப்புத் திருமேனி ஒவ்வொன்றும் மெழுகில் செய்து வார்க்கப்பட்டது. முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் வண்டல் மண் பூசுவார்கள். சூடேற்றினால் மெழுகு உருகி வெளியே போகும். அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. அதனால் ஒன்றைப்போல் இன்னொன்று அச்சொட்டாக அமையாது. நடராசரின் திருவாசியில் எத்தனை சுடர், எந்தச் சுடரின் நுனி முறிந்திருக்கிறது, விரிசடை எந்த இடத்தில் திருவாசியைத் தொடுகிறது, முயலகன் முகத்தில் எங்கே தேய்ந்திருக்கிறது, பீடத்தில் எந்த மூலை நசுங்கியிருக்கிறது: இவை ஒவ்வொன்றும் மனிதருக்குக் கைரேகை மாதிரி. இரண்டு படத்திலும் இவை பொருந்தினால் வேறு சாட்சி அவ்வளவாகத் தேவையில்லை.

சரி, ஒப்பிடுவதற்குப் பழைய போட்டோ எங்கே இருந்து வந்தது? இன்று நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். புதுச்சேரியில் 1955இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அடுத்த வருடத்திலிருந்தே அதன் போட்டோக்காரர்கள் தென்னிந்தியாவின் கிராமம் கிராமமாகப் போனார்கள். பெரிய கோயில், சின்னக் கோயில், ஆள் போகாத கோயில் என்று பார்க்கவில்லை. சிலைகளை வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் நிறுத்திப் படமெடுத்தார்கள். எந்த ஊர், எந்தக் கோயில் என்று எழுதி வைத்தார்கள். அப்படி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. களவைத் தடுப்பது அவர்கள் நோக்கமே அல்ல. சிற்ப இலக்கணத்தையும் கோயிற் கட்டடக் கலையையும் ஆராய்வதற்காக எடுத்த படங்கள் அவை. ஸ்ரீபுரந்தான் நடராசர் அந்தப் படங்களில் இருந்தார். விருத்தாசலம் கோயிலிலிருந்து காணாமற் போய் சிட்னிக் கலைக்கூடத்தில் இருந்த அர்த்தநாரீசுவரரும் இருந்தார். 2014 செப்டெம்பரில் அவுஸ்திரேலியப் பிரதமர் டோனி அபொட் டில்லிக்கு வந்து இரண்டையும் திருப்பிக் கொடுத்தார். கபூர் 2011 ஒக்டோபரில் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டு, 2012இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றத்தில் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

கபூருக்கு யாரும் பரிதாபப்பட வேண்டாம். ஆனால் நான் யோசிப்பது வேறு. அந்தப் போட்டோக்காரர் அன்றைக்கு வெயிலென்றோ மழையென்றோ ஸ்ரீபுரந்தானுக்குப் போகாமல் விட்டிருந்தால்? விஜயகுமார் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் என்ன பயன்? நாவலில் துப்பறிவாளர் கள்ளன் பின்னால் ஓடுகிறார். நிஜத்தில் கள்ளன் யாரென்பது பெரும்பாலும் தெரிந்த விஷயம். சிலை முன்பு எங்கே இருந்தது என்று காட்டுவதுதான் கஷ்டம். அதைக் காட்டக்கூடியவர், களவு நடப்பதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே வந்து படம் எடுத்துப் பெயர் எழுதிவிட்டுப் போனவர். அவருக்குக் கதையில் இடமே கிடைப்பதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். கிழக்குக் கரையில் கிடைத்த பொன்முலாம் பூசிய தாரா தேவி சிலையை, இங்கே ஆளுநராயிருந்த பிரவுன்றிக் 1830இல் பிரித்தானிய நூதனசாலைக்குக் கொடுத்தார். அங்கேதான் இன்றும் இருக்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்தது என்பதற்கு மேல், எந்த ஊர், எந்தக் கோயில் என்று ஒரு குறிப்பும் இல்லை. மாறாக, பொலன்னறுவைச் சிவாலயத்தில் தொல்லியலாளர் எச்.சி.பி. பெல் 1907, 1908 காலத்தில் தோண்டியெடுத்த நடராசரும் நாயன்மாரும் எந்த இடத்தில் கிடைத்தனர் என்று அறிக்கையில் இருக்கிறது. திருகோணமலையில் 1950இல் நிலம் தோண்டும்போது கிடைத்த சோமாஸ்கந்தர் முதலான திருமேனிகள், 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த சமயத்தில் புதைக்கப்பட்டவை என்று கருதப்படுகின்றன. புதைத்தவர் ஓலையில் ஒரு வரி எழுதிவைத்திருந்தால் முந்நூறு வருடம் காத்திருந்திருக்க வேண்டியதில்லை. எழுதினால் பகைவன் கையில் கிடைக்குமே என்ற பயமும் நியாயமானதுதான்.

மலையகத்தில் என்ன இருக்கிறது களவு போவதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சோழர் காலத்து நடராசர் றொசல்லத் தோட்டத்தில் இல்லைதான். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், தொல்பொருளுக்கு 1815 மார்ச் 2 என்ற நாளை எல்லையாக வைத்தது. கண்டி உடன்படிக்கை கையெழுத்தான நாள் அது. கோப்பித் தோட்டத்துக்கு நம் முன்னோர் மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து வரத் தொடங்கியது அதற்குப் பிறகு. ஆக, அந்த எல்லைக்கோட்டின்படி பார்த்தால் நாம் கட்டிய கோயில் எதுவும் பழையது ஆகாது. திருச்சியிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்த பிடிமண்ணும் வேலும் சிறு விக்கிரகமும் சட்டத்தின் கண்ணில் நேற்றைய பொருள்கள். அவற்றுக்குப் பெறுமதி இல்லையென்று கள்ளன் நினைக்கப்போவதில்லை. உருக்கினாலும் செம்புக்கு விலை இருக்கிறது.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று நடந்துவிட்டது. நம்மில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனை குடும்பங்கள் லயத்தைக் காலிசெய்துவிட்டுத் தலைமன்னாருக்கு ரயிலேறின? எந்த விக்கிரகம் எந்தக் குடும்பம் கொடுத்தது, எந்தக் கங்காணி காலத்தில் வந்தது, பழைய அம்மனை எடுத்துப் புது அம்மனை வைத்தபோது பழையது எங்கே போனது என்ற விவரம் அவர்களோடு போய்விட்டது. இருக்கிற கிழவிமாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அப்படிச் சொல்லக்கூடாது, எங்களிடம் போட்டோ இல்லாமலா என்று நீங்கள் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டலாம். காட்டுங்கள், பார்ப்போம். தேர்த் திருவிழாவில் எடுத்த படம். அம்மனுக்குப் பட்டுப் புடவை, கழுத்து நிறைய மாலை, முகத்தில் சந்தனக்காப்பு, தலையில் வெள்ளி முடி, பீடத்தை மூடி எலுமிச்சம்பழ மாலை. கண் மட்டும் தெரிகிறது. கும்பிடுவதற்கு அருமையான படம். பொலிசுக்கு இந்தப் படத்தைக் கொடுத்தால் அவர்கள் புடவையைத்தான் தேட வேண்டும். அலங்காரப் படம் ஆயிரம் இருந்தாலும் சிலையின் படம் ஒன்றுகூட இல்லாத கோயில்களே நம்மிடம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. புதுச்சேரிப் படங்கள் நீதிமன்றத்தில் நின்றதற்குக் காரணம், பெரும்பாலும் அவை துணியும் மாலையும் இல்லாமல், நேர் வெளிச்சத்தில், பீடத்தோடு எடுத்தவை என்பதே.

கருவறையில் படமெடுக்கலாமா என்று ஐயர் கேட்பார். கேட்பது அவர் கடமை. மூலவரை விட்டுவிடுங்கள், கல்லில் பதித்த மூலவரைத் தூக்குவது இலேசான காரியமல்ல. களவுபோவது உற்சவர், வேல், சூலம், வெள்ளிக் கவசம், தூண்டாமணி விளக்கு. அபிஷேகத்துக்கு அலங்காரம் களையும்போது அரைமணி நேரம் கிடைக்கும். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, பீடத்தின் அடிப்பகுதி, எங்காவது எழுத்து இருந்தால் அதைக் கிட்ட வைத்து ஒன்று. பக்கத்தில் ஓர் அடிக்கோல் நிற்கட்டும். எத்தனை சென்ரிமீற்றர் உயரம், என்ன உலோகம், எங்கே உடைந்திருக்கிறது, எங்கே ஒட்டியிருக்கிறது, யார் கொடுத்தது, எந்த வருடம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உலக நூதனசாலைகள் பின்பற்றும் 'ஒப்ஜெக்ட் ஐடி' என்ற பட்டியல் 1997இல் வெளியானது. அதுவும் ஏறக்குறைய இவ்வளவைத்தான் கேட்கிறது. அதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம்; ஓ.எல். படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் போதும்.

ஒரு கவலையை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். இந்தப் படங்களை ஊருக்கெல்லாம் அனுப்பினால் கள்ளனுக்கே பட்டியல் போட்டுக் கொடுத்ததாகும். கபூருடைய ஆட்களும் படமெடுத்துத்தான் வியாபாரம் செய்தார்கள். களவெடுத்த கையோடு அவர்கள் பிடித்த படங்கள் பிறகு அவருக்கே எதிராகச் சாட்சியானது வேறு கதை. எனவே பகிர வேண்டாம். கோயில் கமிட்டியிடம் ஒரு பிரதி, பாடசாலை அலுமாரியில் ஒரு பிரதி, தோட்டத்துக்கு வெளியே நம்பிக்கையான இடத்தில் ஒரு பிரதி. கமிட்டி மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இதையும் கையெழுத்து வைத்து ஒப்படையுங்கள். திரும்பக் கிடைத்த சோழர் திருமேனிகள்கூடப் பெரும்பாலும் தங்கள் கோயிலுக்குப் போகாமல் அரசின் பாதுகாப்பு மையங்களில் பூட்டிக் கிடக்கின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீட்பதைவிடக் காப்பது சுலபம். பூட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்விகள் இருந்தால் தேநீர் இடைவேளையில் பேசலாம். இங்கே வந்திருக்கும் கோயில் கமிட்டியாரிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்: இந்த வருடத் திருவிழாவுக்குக் கொடியேறுமுன் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐயரையும் இரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு வேலையை முடியுங்கள். தோட்டத்துக்கு வெளியே வைக்கும் பிரதியைப் பெற்றுப் பத்திரப்படுத்த இந்த அறக்கட்டளையினர் சம்மதித்திருக்கிறார்கள்.